கடைசிப் பயனர் ஒரு கோழிப்பண்ணை

அம்மா இப்போது இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். சிரிக்காமல் அம்மாவைப் பற்றிச் சொல்ல முடியாது.

பால் குளிரூட்டும் நிலையம் ஒன்றில் அவள் பராமரிப்பு இன்ஜினியர். பெரிய பெரிய எஃகுத் தொட்டிகள். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு பழைய பிராசசர். அதைச் செய்த கம்பெனி எப்போதோ கடையை மூடிவிட்டது. பெட்டி மக்கர் செய்தால் கேட்க நாதியில்லை. பால் காத்திருக்குமா? திரிந்துவிடும்.

அம்மா வேறு வழி தேடினாள். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று திறந்துவைத்திருந்த ஓர் இயங்குதளம் கண்ணில் பட்டது. அதைப் பெட்டிக்குள் ஏற்றினாள். பாதி வேலை செய்தது. மீதிப் பாதிக்கு அவளே நிரல் எழுதினாள். எழுதியதை, அந்த இயங்குதளத்தைக் கவனிப்பவர்கள் கூடும் மெயில் குழுவுக்கு அனுப்பினாள். நிரலைவிட நீளமான திட்டு பதிலாக வந்தது. திருத்தி அனுப்பினாள். மறுபடி திட்டு. மறுபடி அனுப்பினாள். கடைசியில் திட்டியவர்களுக்கே அலுத்துப்போய், "இந்தப் பிராசசருக்கு இனி நீங்களே பொறுப்பாளர்" என்று எழுதிவிட்டார்கள்.

"மாமியார் வீட்டுல பீரோ சாவி வாங்க இதைவிட ரொம்ப நாள் ஆச்சு" என்பாள் அம்மா.

அதிலிருந்து வீட்டில், துணி துவைக்கும் மெஷினுக்கு மேலே ஒரு பலகை அடித்து, நிலையத்தில் கழித்துப் போட்ட பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டாள். புதிதாக எந்த மாற்றம் வந்தாலும் அந்தப் பெட்டியில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்பாள். அப்பா பஸ் டிரைவர். "உன் பெட்டி முழிச்சு எழுந்திரிக்கறதுக்குள்ள நான் ஒரு ட்ரிப் போயிட்டு வந்துடுவேன்" என்பார். அது முழுப் பொய்யும் இல்லை. நிரல் தயாராகிற நேரத்தில் அம்மா காய் நறுக்குவாள். எல்லாம் ஒழுங்காகப் போனால் கத்திச் சத்தம் சீராக வரும். திரையில் பிழை வந்தால் கத்தி நின்றுவிடும். பக்கத்து அறையில் செய்தித்தாள் படிக்கும் அப்பா தலையைத் தூக்காமல், "போச்சு, இன்னிக்குச் சாப்பாடு லேட்டு" என்பார். கம்ப்யூட்டரில் ஆனா ஆவன்னா தெரியாத மனிதர். கத்திச் சத்தத்திலேயே இயங்குதளத்தின் உடல்நிலையைச் சொல்லிவிடுவார்.

பால் நிலையம் பிறகு புது மெஷின்கள் வாங்கியது. பழைய பெட்டிகள் ஏலத்துக்குப் போயின. ஏலத்தில் எடுத்தவர்களில் ஒருவர் கோழிக்குஞ்சு பொரிக்கும் பண்ணை வைத்திருந்தவர். பால் குளிர வைத்த பெட்டியைக் கொண்டுபோய் முட்டையைச் சூடாக வைக்கும் இன்குபேட்டரில் மாட்டினார். அது எதையோ உளறியது. விசாரித்து, அம்மாவுக்கு போன் போட்டார்.

"அக்கா, இது உங்க பெட்டியாமே. குளுர வைக்கத்தான் தெரியுது, சூடு பண்ணத் தெரியல."

"தெரிய வெச்சுடலாம் தம்பி" என்றாள் அம்மா. போய், தெரிய வைத்தாள். கிளம்பும்போது, "நான் இருக்கற வரைக்கும் இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்றும் சொல்லிவிட்டு வந்தாள். அம்மா வாயிலிருந்து சுலபமாக வரும் வாக்கியம் அது. பல பேருக்குப் பல விஷயத்தில் சொல்லியிருக்கிறாள்.

அந்த மெயில் வந்தது அம்மா ஓய்வுபெற்ற பிறகு. டாக்டர் ஒரு ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் பேசிய மாதத்துக்கு அடுத்த மாதம்.

எழுதியவர் குழுவின் தலைமைப் பொறுப்பாளர். படத்தில் தாடியும் கண்ணாடியும் மட்டும் தெரியும் என்பதால் வீட்டில் அவர் பெயர் தாடிக்காரர். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பழைய பிராசசர் ஒன்றைக் கைவிட நினைத்தால், "இதை இன்னும் யாராவது பயன்படுத்துகிறீர்களா?" என்று பொதுவில் கேட்பார்கள். கொஞ்ச காலம் காத்திருப்பார்கள். யாரும் கை தூக்காவிட்டால் அதற்கான நிரல் முழுவதையும் நீக்கிவிடுவார்கள். இதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இயங்குதளத்தில் எங்கே எதை மாற்றினாலும் அந்தப் பழசுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். உபயோகிப்பவர் இல்லாத ஒன்றை எத்தனை பேர் எத்தனை வருஷம் தூக்கிச் சுமப்பது?

ஆனால் தாடிக்காரர் அம்மாவுக்குப் பயந்திருந்தார். கேள்வியை நேரே கேட்காமல் சுற்றி வளைத்திருந்தார். அம்மாவின் பல்லாண்டு உழைப்பைப் பாராட்டி ஒரு பத்தி. காலத்தின் போக்கு பற்றி ஒரு பத்தி. மகளும் அந்தக் குழுவில் இருந்தாள், அதே தொழில். அவள்தான் முதலில் பார்த்தாள். அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"யாராவது தவறிட்டாங்களா? இப்படி இழுத்து இழுத்து எழுதியிருக்கான்?" என்றார் அப்பா.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இப்ப சொல்ல வேண்டாம். ஸ்கேன் ஒரு பக்கம், இது ஒரு பக்கமா?" இரண்டு பேரும் சேர்ந்து மறைப்பதென்று முடிவானது. மறைக்கிற லட்சணம், வீட்டு இன்டர்நெட் சரியில்லை என்று அப்பா காலையிலேயே அறிவித்தார். அவர் வாழ்நாளில் இன்டர்நெட் பற்றிச் சொன்ன முதல் வாக்கியம் அது.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எதுக்கு ரெண்டு பேரும் திருடன் மாதிரி முழிக்கறீங்க? தாடிக்காரன் மெயிலை விடியறப்பவே படிச்சாச்சு."

அப்பா செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்தார்.

"நானே கேட்கணும்னு இருந்தேன். முந்திக்கிட்டான்."

"அம்மா, உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்குடி வருத்தம்? எனக்கப்புறம் இதை யார் பாக்கப்போறா? நீயா?"

மகளுக்கு அந்தப் பிராசசர் பிடிக்காது. அது அம்மாவுக்கும் தெரியும்.

"பாக்க ஆளில்லாம போட்டு வெச்சா, உள்ளயே துரு ஏறிக் கிடக்கும். வெளிய பார்த்தா நல்லா இருக்கும். ஒருநாள் உடையும். யாரை நம்பி இருந்தோம்னு தெரியாம எவனோ ஒருத்தன் முழிப்பான். அதுக்கு நானே நல்லபடியா எடுத்துடறேன்."

அன்று மத்தியானமே குழுவுக்கு எழுதினாள். நீக்கலாம். ஆனால் நீக்குவது நான்தான், வேறு யாரும் கை வைக்க வேண்டாம். ஒரு பயனர் பாக்கி இருக்கிறார், அவரைப் புது பிராசசருக்கு மாற்றிவிட்டு அனுப்புகிறேன்.

யார் அந்தப் பயனர் என்று தாடிக்காரர் கேட்டார்.

ஒரு கோழிப்பண்ணை, என்றாள்.

வருஷக்கணக்கில் வாய் திறக்காமல் கிடந்தவர்கள்கூடக் குழுவில் எழுத ஆரம்பித்தார்கள். எந்த வகைக் கோழி? ஒரு தடவைக்கு எத்தனை முட்டை? ஈரப்பதம் எவ்வளவு வைக்க வேண்டும்? அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டாள். "நினைவக மேலாண்மை பத்திக் கேட்டப்ப ஒரு பய வாயைத் திறக்கல. கோழின்னதும் பாரு!"

மகளுக்கு ஒரு கேள்வி இருந்தது. "அவர் பழைய வெர்ஷனையே ஓட்டிக்கிட்டு இருக்கலாமே? அதை யாரும் வந்து பிடுங்கப் போறதில்லையே?"

"ஓடும். நல்லாவே ஓடும்."

"அப்புறம்?"

"நின்னா யாருக்கு போன் போடுவாரு?"

மகள் புது பிராசசர் இருக்கும் போர்டு ஒன்றுக்கு ஆர்டர் போட்டாள்.

புது போர்டு வந்தது. உள்ளங்கை அளவுதான். சமையலறை மேடையில் சோதனை தொடங்கியது. ஓர் அட்டைப் பெட்டி, ஒரு பல்பு, சுற்றிலும் துண்டு, உள்ளே ஒரு சென்சார், சென்சாருக்குப் பக்கத்தில் ஒரு முட்டை. சூடு ஏறியதும் பல்பு அணையும், இறங்கியதும் எரியும். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் காலை முட்டையைக் காணோம்.

"என்னங்க, இங்க இருந்த முட்டை?"

"ஆம்லெட் போட்டேன்."

"அது டெஸ்ட் முட்டைங்க!"

"டேஸ்ட்டா தான் இருந்துச்சு" என்றார் அப்பா. மகள் சிரித்ததில் அம்மாவின் கோபம் கரைந்துபோனது. சோதனை வெற்றி என்று குறித்துக்கொண்டார்கள்.

பண்ணைக்குப் போகக் கூடாது என்று அப்பா சொன்னார். மகள் சொன்னாள். ஆஸ்பத்திரி நர்ஸ்கூடச் சொன்னாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ் ஓட்டிய மனிதருக்குக் கார் ஓட்டுவது விளையாட்டு. ஆனால் அன்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் வேகத்தைக் குறைத்தார். "சவ ஊர்வலமா போறோம்? கொஞ்சம் மிதிங்க" என்றாள் அம்மா.

பண்ணை வாசலில் மருந்து கலந்த தண்ணீர்த் தொட்டியில் காலை நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். தலைக்கு வலைத் தொப்பி. பண்ணைக்காரர் ஓடி வந்தார். அம்மா இளைத்திருந்ததைப் பார்த்து ஒரு நொடி நின்றார். பிறகு சத்தமாக, "அக்கா, தொப்பி உங்களுக்கு ஜோரா இருக்கு!" என்றார். நல்ல மனிதர்.

இன்குபேட்டரை அன்று காலியாக வைத்திருக்கச் சொல்லியிருந்தாள் அம்மா. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால், தட்டுத் தட்டாக முட்டை. மேலிருந்து கீழ் வரை நிறைய முட்டை.

"தம்பி."

"காலியாத்தான் வெச்சிருந்தேன்கா. சத்தியமா. திடீர்னு ஆர்டர் வந்துடுச்சு. முட்டைய எத்தனை நாள் வெளிய வெச்சுக்கறது?"

"நான் எத்தனை தடவை சொன்னேன்?"

"உங்க கை ராசி எனக்குத் தெரியும்கா. அந்தத் தைரியத்துல ஏத்திட்டேன்."

மகள் திரும்பிப் போய்விடலாம் என்றாள். இந்த முட்டைகள் பொரிந்த பிறகு வரலாம். அம்மா யோசிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து இந்தப் பயணம் முடியுமா என்று அவளால் சொல்ல முடியாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.

"கோழி என்ன, நாள் பூரா முட்டை மேலயேவா உட்கார்ந்திருக்கு? எழுந்திரிச்சுப் போய்த் தீனி தின்னுட்டு வரும்ல? அந்த நேரம்தான் நமக்கு. அதுக்குள்ள மாத்திடலாம்."

பழைய பெட்டியைக் கழற்றும் முன் பண்ணைக்காரர் ஒரு நிபந்தனை போட்டார். எந்த நாளுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம் என்று அவர் பல வருஷமாகத் தட்டித் தட்டிச் சரிசெய்த அளவுகள் பெட்டிக்குள் இருந்தன. "அது மட்டும் அப்படியே புதுசுக்கு வரணும்கா. ஒரு புள்ளி மாறக் கூடாது."

"அப்படியே வரும்" என்றாள் அம்மா. அளவுகள் இருந்த கோப்பை அப்படியே நகலெடுத்துப் புது போர்டில் வைத்தாள். பழைய பெட்டியின் வயர்கள் புது போர்டுக்கு மாறின. பித்தானை அழுத்தினாள்.

கண் மூடித் திறப்பதற்குள் போர்டு விழித்துக்கொண்டது. "அட, இவ்ளோ சீக்கிரமா!" என்றார் பண்ணைக்காரர். ஹீட்டர் விளக்கு சிவப்பாக எரிந்தது. நல்லது. முட்டைகள் கொஞ்சம் ஆறியிருக்கும், சூடேற்ற வேண்டியதுதான். சூடு ஏறியது. விளக்கு அணையவில்லை. இன்னும் ஏறியது. அணையவில்லை. அலாரம் அலற ஆரம்பித்தது.

மகள் திரையைப் பார்த்தாள். உள்ளே இருக்க வேண்டிய வெப்பம் என்ற இடத்தில் 37.7 இருக்க வேண்டும். அங்கே 3097.7 இருந்தது.

"அக்கா!" பண்ணைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மூவாயிரம் டிகிரியா? முட்டையை அடைகாக்குதா, சுடுகாட்டுக்கு அனுப்புதா?"

அலாரம் கேட்டு, காரில் இருந்த தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு அப்பா ஓடி வந்தார். மருந்துத் தொட்டியில் காலை நனைக்க மறக்கவில்லை. ஷூவோடு நனைத்திருந்தார்.

அம்மா திரையைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து மகள் பக்கத்தில் போனாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்க, தொப்பி நழுவ, நிற்க முடியாமல் சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

"திருப்பிப் படிக்குதுடி! திருப்பிப் படிக்குது!"

விஷயம் இவ்வளவுதான். ஒரு பெரிய எண்ணைக் கம்ப்யூட்டர் துண்டுகளாக்கித்தான் வைத்துக்கொள்ளும். பழைய பிராசசர் பெரிய துண்டை முதலில் வைக்கும். புதியது சின்னத் துண்டை முதலில் வைக்கும். ஒருவர் இடமிருந்து எழுதியதை இன்னொருவர் வலமிருந்து படித்தால் பன்னிரண்டு இருபத்தொன்று ஆகுமே, அந்த மாதிரி. சமையலறையில் அளவுகளைப் புது போர்டிலேயே தட்டியதால் தெரியவில்லை. இங்கே பழைய பெட்டி எழுதிய கோப்பை அப்படியே கொடுத்ததும் தெரிந்துவிட்டது.

"இதைப் பத்தி அந்தக் குழுவுல எத்தனை பேருக்குக் கிளாஸ் எடுத்திருக்கேன் தெரியுமா? எத்தனை பேரைத் திட்டியிருக்கேன்! கடைசில நானே..." மறுபடி சிரிப்பு.

"அம்மா, முட்டை!" என்று கத்தினாள் மகள்.

ஹீட்டரின் சுவிட்சை மகள் கையால் அணைத்தாள். கதவைக் கொஞ்சம் திறந்து பிடிக்கும் வேலை அப்பாவுக்கு. பண்ணைக்காரர் சாதாரணத் தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே வைத்துப் பாட்டுப் பாடுவது போல அளவு சொன்னார். அம்மா தீவன மூட்டை மேல் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்தால் விரல்நுனிகள் மரத்துப்போயிருந்தன. தப்பான எழுத்துகள் விழுந்தன. அழித்தாள். மறுபடி விழுந்தன. மகள் தட்டித் தருகிறேன் என்று ஒரு கையை நீட்டினாள்.

"உன் வேலை சுவிட்சு. சுவிட்சைப் பாரு."

"முப்பத்தெட்டரை! கதவு! கதவு!" என்றார் பண்ணைக்காரர்.

"திறந்துதானே இருக்கு" என்றார் அப்பா.

"இன்னும் திறங்கண்ணே!"

"முழுசாத் திறந்தா ஜில்லுனு ஆயிடாதா?"

"ஆகட்டும்ணே, அப்புறம் மூடுவோம்!"

"பஸ் கதவே இவ்ளோ தடவை திறந்து மூடினதில்லப்பா."

"முப்பத்தேழு! மூடுங்க! பாப்பா, ஹீட்டரைப் போடு!"

இப்படியே மூன்று பேரும் சேர்ந்து ஒரு பிராசசர் செய்ய வேண்டிய வேலையைச் செய்தார்கள். பரவாயில்லாமல் செய்தார்கள். முட்டைகளுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

அம்மா தலையைத் தூக்கினாள். "ம். இப்ப எல்லாரும் கையை எடுங்க."

திரையில் 37.7. விளக்கு எரிந்தது. சூடு ஏறியது. விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தது. மறுபடி அணைந்தது. அப்பா அப்போதுதான் தீயணைப்பு சிலிண்டரைக் கீழே வைத்தார். அத்தனை நேரமும் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டேதான் கதவைத் திறந்து மூடியிருக்கிறார்.

நீக்கும் நிரல் தயாராக இருந்தது. மகள் அனுப்பிவிடலாம் என்றாள். புது வெளியீட்டுக்கு மாற்றங்களை ஏற்கும் வாசல் சீக்கிரம் மூடப்போகிறது, அதற்குள் போகாவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். அம்மா அசையவில்லை. விளக்கு எரிந்து அணைந்தால் போதுமா? குஞ்சு வெளியே வரட்டும். அது வந்தால்தான் பண்ணைக்காரர் புதுசுக்கு மாறியதாக அர்த்தம். தாடிக்காரருக்கும் அப்படியே எழுதினாள். முட்டைகள் முதலில், வாசலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பதில் வந்தது.

அந்த மூன்று வாரத்தில் அம்மா பாதி நாள் படுக்கையில் இருந்தாள். பண்ணைக்காரர் தினமும் திரையைப் படம் எடுத்து அனுப்பினார். 37.7. 37.7. 37.6 என்று ஒருநாள் வந்தபோது அப்பாவே போன் போட்டுக் கேட்டுவிட்டார். ஈரத்துணியால் சென்சாரைத் துடைத்தார்களாம். துடைக்காதீர்கள் என்று இன்டர்நெட் நிபுணர் உத்தரவிட்டார்.

பிறகு ஒரு காலை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். பண்ணைக்காரர் பேசவில்லை. போனைக் குஞ்சுகள் இருந்த தட்டின் மேல் நீட்டிப் பிடித்திருந்தார் போல. அறை முழுக்கக் கீச் கீச் கீச் என்று ஒரே இரைச்சல். அப்பா சாப்பாட்டை விட்டு எழுந்து வந்தார்.

"கேக்குதாக்கா?" என்று இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது. "கேக்குதா? இவ்ளோ பொரிஞ்சதே இல்லக்கா! எப்பவும் தட்டுக்குக் கொஞ்சம் கூமுட்டை போகும். இந்தத் தடவை அதுவும் கம்மி!"

"கேக்குது தம்பி, கேக்குது."

"அக்கா, ஒண்ணு கேட்டா திட்டக் கூடாது. அந்த மூவாயிரம் டிகிரிய அடுத்த தடவையும் கொஞ்ச நேரம் வெச்சுப் பாக்கலாமா?"

அம்மா சிரித்த சிரிப்பில் அப்பா அவள் தட்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறு கையால் லேப்டாப்பை இழுத்தாள். பக்கம் பக்கமாக, எல்லா வரியின் முன்னாலும் கழித்தல் குறி, இதை நீக்கு என்று அர்த்தம். பொறுப்பாளர் பெயர் இருந்த வரியின் முன்னாலும்.

"இவ்ளோ வருஷம் எழுதினது. ஒரே அடியா போகுதே, ஒண்ணும் தோணலையா?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"தோணுது."

"என்ன?"

"சுத்தமா இருக்கேன்னு தோணுது."

அனுப்பும் பித்தானை அம்மா அழுத்தினாள். மரத்துப்போன விரல், அழுந்தியதா என்று தெரியாமல் திரையைக் குனிந்து பார்த்தாள். போயிருந்தது. மகள் எதையோ எடுக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டாள்.

"என்னக்கா, சத்தத்தையே காணோம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி, இருக்கேன். ஒரு மெயில் அனுப்பினேன். நீங்க சொல்லுங்க, முதல் தட்டுல எத்தனை?"

அவர் எண்ண ஆரம்பித்தார். குஞ்சுகள் ஓரிடத்தில் நிற்கவில்லை. எண்ணிக்கை தப்பியது. அம்மா முதலிலிருந்து எண்ணச் சொன்னாள்.